வீட்டில் கட்டும் பக்கிக்கு எந்த எஞ்சின்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பட்டறைக்குப் பைப் வளைக்கும் மெஷின் வந்த நாளிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார். காலேஜ் பையன்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள். ஆள்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. நான் இதுவரை மூன்று பக்கி கட்டியிருக்கிறேன், அதில் ஒன்றை நானே பிரித்துக் காயலான் கடைக்கும் போட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொன்ன பதில்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.

1. பக்கின்னா என்னங்க? ஜீப்புக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

பைப்பில் கூண்டு கட்டி, அதில் சீட்டும் சக்கரமும் எஞ்சினும் மாட்டினால் பக்கி. கதவு, கண்ணாடி, தகடு எதுவும் கிடையாது. ஜீப் எடையாலும் நாலு சக்கர இழுவையாலும் காட்டைக் கடக்கும். பக்கி எடை குறைவாக இருப்பதால் மணலில் புதையாமல் ஓடிவிடும். பெரும்பாலான பக்கிகளில் எஞ்சின் பின்னால்தான் இருக்கும். இழுக்கிற சக்கரத்தின் மேலேயே எடை உட்கார்ந்தால்தான் மணலில் பிடிப்பு கிடைக்கும்.

இதற்கெல்லாம் பாட்டன் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் 1964-ல் கட்டிய மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற பக்கி. படகு கட்டத் தெரிந்த மனிதர் என்பதால் ஃபைபரில் உடல் வார்த்தார். அதற்குள்ளே இருந்ததெல்லாம் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் சாமான்தான். பீட்டிலை அவர் எடுத்ததற்குக் காரணம் குதிரைத்திறன் இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி), ஆக்ஸில் எல்லாம் பின்பக்கத்தில் ஒரே மூட்டையாக இருந்தன, ரேடியேட்டரும் கிடையாது. இதை மனதில் வையுங்கள், கீழே பாதிப் பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

2. எத்தனை எச்பி இருந்தா போதும்?

முதலில் எடையைச் சொல்லுங்கள். ஓட்டுபவரோடு சேர்த்து 300 கிலோ வண்டிக்கு 10 எச்பி-யே தோட்டத்தில் சுற்றப் போதும். 400 கிலோவுக்கு 20 எச்பி இருந்தால் சிரிப்பு வரும். 500 கிலோவுக்கு 40 எச்பி இருந்தால் பயம் வரும். அதற்கு மேலே போனால் சஸ்பென்ஷனும் பிரேக்கும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். முதல் தடவை கட்டுபவருக்கு அது ஆகாது.

எச்பி-யைப் பார்த்து எஞ்சின் எடுப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. எஞ்சினுக்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸ் வருகிறதா, ரிவர்ஸ் இருக்கிறதா, டிஃபரன்ஷியல் இருக்கிறதா, சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டும் சக்கரம் மாட்டும் ஹப்பும் கூடவே கிடைக்குமா? இந்த நாலும் சேர்ந்து வந்தால் 30 எச்பி எஞ்சின்கூட, தனியாக வரும் 45 எச்பி எஞ்சினைவிட மலிவாக முடியும். விட்டுப்போன ஒவ்வொன்றையும் லேத்தில் கடைந்துதான் கொண்டுவர வேண்டும். லேத் வேலைக்கு எஞ்சின் விலையைவிட அதிகம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. பவர் முக்கியமா, டார்க் முக்கியமா?

சக்கரத்துக்கு வந்து சேரும் டார்க், அதாவது சுழற்றும் விசை, முக்கியம். அதை எஞ்சின் பாதி தரும், கியர் மீதி தரும். ஒரு கணக்குப் போடுவோம். ஆளோடு 400 கிலோ வண்டி 30 டிகிரி மேட்டில் ஏற வேண்டும். 30 டிகிரி என்றால் எடையில் பாதி, அதாவது 200 கிலோ விசை பின்னோக்கி இழுக்கும். இளமண் என்றால் இன்னும் 40 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 240. சக்கரத்தின் ஆரம் 29 சென்டிமீட்டர் என்றால், ஆக்ஸிலில் கிட்டத்தட்ட 680 நியூட்டன் மீட்டர் வேண்டும்.

ஆல்டோவின் 796 சிசி எஞ்சின் தருவது சுமார் 62 நியூட்டன் மீட்டர். வகுத்தால் 11 வரும். கியரில் வீணாவதையும் சேர்த்தால் முதல் கியரில் மொத்தம் 13 மடங்கு குறைப்பு (எஞ்சின் 13 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று) போதும். கார் கியர்பாக்ஸில் அது தானாகவே இருக்கிறது. அதே மேட்டை 19 நியூட்டன் மீட்டர் தரும் சின்ன எஞ்சினால் ஏற வேண்டுமென்றால் 42 மடங்கு குறைக்க வேண்டும். முடியாது என்றில்லை, ஆமை வேகத்தில் ஏறும். சின்ன எஞ்சினா பெரிய எஞ்சினா என்ற சண்டை கடைசியில் எந்த வேகத்தில் ஏறுவது என்ற சண்டைதான்.

4. வீட்டுல பழைய 150 சிசி பைக் சும்மா கிடக்குண்ணா. அதைப் போட்டா ஓடுமா?

ஓடும். சமதளத்தில் நன்றாகவே ஓடும். நான் பிரித்துப் போட்டேன் என்று சொன்ன முதல் பக்கி அப்படிப்பட்டதுதான். பைக் எஞ்சினில் கியர்பாக்ஸும் கிளட்சும் உள்ளேயே இருக்கின்றன. செயினைப் போட்டு, குறுக்கே டிஃபரன்ஷியல் இல்லாத ஒரே தண்டாக ஆக்ஸிலை மாட்டினால் வேலை முடிந்தது. வேறெந்த எஞ்சினும் இவ்வளவு சீக்கிரம் ஓடாது.

சிக்கல் அதற்கு அப்புறம். பைக்கின் முதல் கியர் தார் ரோட்டில் இரண்டு பேரை இழுக்கும் அளவுக்குப் போட்டது. இளமண்ணில் அதே கியரில் கிளம்ப, கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டுவீர்கள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமையில் பிளேட் கருகிவிடும். முன் ஸ்பிராக்கெட்டை 15 பல்லிலிருந்து 13 ஆகவும் பின்னதை 42-லிருந்து 52 ஆகவும் மாற்றினால் இழுவை ஏறத்தாழ 1.4 மடங்கு கூடும். அதுவும் போதாவிட்டால் நடுவில் ஒரு ஷாஃப்ட் போட்டு இரண்டு செயினாகப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, பைக் எஞ்சின் காற்றில் குளிர்வது. அதைச் சீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் காற்று எங்கிருந்து வரும்? காரின் ரேடியேட்டர் ஃபேன் ஒன்றை எதிரே மாட்டி, தகடு வைத்துக் காற்றை எஞ்சினின் ஃபின்களுக்கு (சூட்டை வெளியேற்றும் செதில்கள்) திருப்பிவிட வேண்டும். அந்த ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கப் பைக்கின் சார்ஜிங் திணறும்.

5. ரிவர்ஸ் இல்லாம சமாளிக்க முடியாதா? எறங்கித் தள்ளிக்கலாம்ல?

தள்ளலாம். என் முதல் பக்கியைத் தென்னந்தோப்பில் ஓட்டிக்கொண்டே போய் வாய்க்கால் கரையில் மூக்கைக் குத்தி நிறுத்தினேன். முன்னால் வாய்க்கால், பின்னால் ஏற்றம், இரண்டு பக்கமும் மரம். தேங்காய் பறிக்க வந்த நாலு பேர் வந்து தூக்கித் திருப்பி வைத்தார்கள். அதில் ஒருவர், "இதுக்கு மாட்டு வண்டியே மேல், மாடாவது பின்னால நடக்கும்" என்றார். அடுத்த வாரம் எஞ்சினைக் கழற்றினேன்.

ரிவர்ஸ் கட்டாயம் வேண்டும். தனியாக ரிவர்ஸ் பாக்ஸ் வாங்கிச் செயினுக்கு நடுவே மாட்டலாம். எடையும் செலவும் கூடும், ஆனால் பைக் எஞ்சின்தான் வேண்டும் என்பவருக்கு அது ஒன்றே உருப்படியான வழி. செல்ஃப் மோட்டாரை வைத்துப் பின்னால் நகர்த்தும் வித்தையைச் சிலர் செய்கிறார்கள். சிமென்ட் தரையில் நகரும், மணலில் பேட்டரிதான் செத்துப்போகும்.

6. அப்போ ஆட்டோ எஞ்சின் போடலாமே, அதுல ரிவர்ஸ் இருக்கே?

நல்ல யோசனை. பின்னால் எஞ்சின் வைத்த பெட்ரோல் ஆட்டோவில் எஞ்சின், கியர்பாக்ஸ், ரிவர்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே மூட்டை. கிட்டத்தட்ட 200 சிசி, பத்து எச்பி பக்கம். ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் எஞ்சின் என்பதால், 4-ல் சொன்ன காற்றுப் பிரச்சினையும் இல்லை. சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும், மெக்கானிக் எந்தத் தெருவிலும் இருப்பார். ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன பக்கிக்கு இதைத்தான் சொல்வேன்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஆட்டோவில் கியரும் கிளட்சும் ஹேண்டில்பாரில் இருக்கும். கிளட்சைக் காலுக்கும் கியரைக் கைப்பிடிக்கும் மாற்ற வேண்டும். கேபிள் நீளம் தவறினால் கியர் சரியாக விழாது. அடுத்து சக்கரம். ஆட்டோ டயர் 4.00-8 சுமார் 42 சென்டிமீட்டர் விட்டம். தரையிலிருந்து உயரம் வேண்டும் என்று 56 சென்டிமீட்டர் டயர் மாட்டினால் இழுவையில் கால் பங்கு போய்விடும். மேடு ஏறவில்லை என்று எஞ்சினைத் திட்டுவார்கள், தப்பு டயரில் இருக்கும்.

7. மாருதி 800, ஆல்டோ எஞ்சின்தான் பெஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

இரண்டு பேர் உட்காரும் பக்கிக்கு அவர்கள் சொல்வது சரி. மூன்று சிலிண்டர், 796 சிசி. பழைய கார்புரேட்டர் மாடல் சுமார் 37 எச்பி, ஆல்டோவின் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் வைத்துப் பெட்ரோலைத் தெளிப்பது) சுமார் 46. சின்ன எஞ்சின் என்பதால் கனம் குறைவு. இரண்டு பேர் தூக்கிவிடலாம், ஆனால் தூக்காதீர்கள், செயின் பிளாக் வாடகைக்குக் கிடைக்கிறது. மாருதி 800 1983 கடைசியில் வந்து 2014 வரை ஓடிய வண்டி. அதனால் காயலான் கடையில் சாமானுக்குப் பஞ்சமே இல்லை.

முக்கியமாக, அது முன்சக்கர இழுவை வண்டி. எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். முன்பக்கத்தை அப்படியே பெயர்த்துப் பின்னால் வைத்தால் பின்சக்கர இழுவை பக்கி ரெடி. எஞ்சின், கியர்பாக்ஸ், இரண்டு டிரைவ் ஷாஃப்ட், ஹப், மவுன்டிங் பிராக்கெட், கியர் லிவர், ராடு, ரேடியேட்டர், வயரிங் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். ஒன்றை ஒரு கடையிலும் இன்னொன்றை வேறு கடையிலும் வாங்கினால் ஷாஃப்டின் பல் எண்ணிக்கையிலேயே இடிக்கும்.

8. முன்னால இருந்த எஞ்சினைப் பின்னால வெச்சா வண்டி ரிவர்ஸ்ல ஓடாதா?

காரில் இருந்த அதே திசையில் வைத்தால் ஓடாது. ரேடியேட்டர் பார்த்த பக்கம் வண்டியின் முன்பக்கமாகவே இருக்கட்டும். எஞ்சின் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஆக்ஸில் சுற்றும் திசை ஒன்றுதான்.

இடம் பற்றாமல் எஞ்சினைத் திருப்பி வைத்தால்தான் வம்பு. அப்போது ரிவர்ஸில் நாலு கியர், முன்னால் போக ஒரே ஒரு கியர். பீட்டில் கியர்பாக்ஸைத் திருப்பி வைப்பவர்கள் உள்ளே கிரவுன் வீலை மறுபக்கம் மாற்றிச் சரி செய்வார்கள். நம் குறுக்கு எஞ்சின்களில் அந்த வசதி இல்லை. ஒரு காலேஜ் அணி எல்லாம் வெல்டிங் செய்து முடித்து, முதல் தடவை கிளட்சை விட்டதும் வண்டி பின்னால் போய்ச் சுவரில் இடித்து நின்றதை நேரில் பார்த்தேன்.

9. அந்த முன் ஹப்புல ஸ்டியரிங் ராடு மாட்டற கை இருக்குமே, அதை என்ன பண்றது?

இது கேட்கிறவர் நிஜமாகவே வேலையில் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கையை வெட்டிவிடாதீர்கள். சும்மா விட்டாலும் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஒரு டை ராடைக் கையிலிருந்து கூண்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். ராடின் நீளத்தைத் திருகிச் சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரி செய்துகொள்ளலாம்.

கூண்டில் எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். கீழே உள்ள கன்ட்ரோல் ஆர்ம் எந்தப் புள்ளியைச் சுற்றி ஏறி இறங்குகிறதோ, ராடும் அதற்கு இணையாக, அதே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்சக்கரம் கொஞ்சம் திரும்பும். ஓட்டுபவருக்கு வால் ஆடுகிற மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் ஏற்றி இறக்கி, ஹப்பில் ஒரு நீளக் கம்பியைக் கட்டி அதன் நுனி எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். அரை நாள் வேலை, செய்துவிடுங்கள். முன் ஹப்பில் ஹேண்ட் பிரேக் கிடையாது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

10. ஆம்னி எஞ்சினும் 800 எஞ்சினும் ஒண்ணுதானே? ஆம்னி சல்லிசா கிடைக்குது.

எஞ்சின் ஒரே குடும்பம்தான். ஆனால் ஆம்னியில் அது நெடுக்காக, முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். அங்கிருந்து கியர்பாக்ஸ், நீளத் தண்டு, பின்னால் முழு ஆக்ஸில். பக்கியில் இந்த நீளத்தை எங்கே வைப்பீர்கள்? சீட்டுக்கு முன்னால் எஞ்சினை வைத்து, தண்டை வெட்டிக் குறுக்கி, பேலன்ஸ் செய்து போடலாம். முன் எஞ்சின், பின் ஆக்ஸில் என்று ஜீப் மாதிரி ஒன்று வரும். அது உறுதியாக உழைக்கும், பக்கி மாதிரி பறக்காது. ஆம்னி எஞ்சினை 800 கியர்பாக்ஸோடு சேர்ப்பதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அந்த வேலைக்குப் போகிறவர் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்.

11. டாடா நானோ?

வாங்க. என் மூன்றாவது பக்கி நானோதான், அதனால் கொஞ்சம் பாசத்தோடு பேசுவேன்.

1-ல் பீட்டிலைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, நம் ஊரில் அதற்குப் பதிலாக வந்தது நானோ. இரண்டு சிலிண்டர், 624 சிசி, சுமார் 37 எச்பி, 51 நியூட்டன் மீட்டர். எஞ்சின் முதலிலிருந்தே பின்னால் இருக்கிறது, இழுப்பதும் பின்சக்கரம். 9-ல் சொன்ன டை ராடு தலைவலி இல்லை. பின் ஹப் பின்னால் இருப்பதற்கென்றே செய்தது, டிரம் பிரேக்கோடு ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்தே வருகிறது. கியர் கேபிளும் முன்னாலிருந்து பின்னால் போகும் நீளத்திலேயே கிடைக்கிறது. 2009-ல் வந்து 2018-ல் நின்றுபோனது. குறைந்த கிலோமீட்டர் ஓடி, ஷெட்டில் தூங்கும் நானோக்கள் நிறைய இருக்கின்றன.

குறையும் உண்டு. சக்கரத்துக்கு மூன்று நட்டுதான். நாலு நட்டு ரிம் எதுவும் பொருந்தாது, அடாப்டர் கடைய வேண்டும். 12 அங்குல ரிம்முக்கு மண்ணில் ஓடும் டயர் தேடி அலைய வேண்டும். நாலு கியர்தான். 800 அளவுக்குச் சாமான் புழக்கமும் இல்லை. அதனால் எஞ்சினை மட்டும் வாங்காமல் முழு வண்டியையும் வாங்கிவிடுங்கள். மிச்சத்தை வைக்க இடம் வேண்டும், வீட்டில் பேச்சும் கேட்க வேண்டும்.

12. கார்புரேட்டரா, எம்பிஎஃப்ஐயா? கார்புரேட்டர்னா நம்மளே பாத்துக்கலாம்ல?

ரோட்டில் ஓடும் வண்டிக்கு உங்கள் வாதம் சரி. பக்கிக்குச் சரியில்லை. கார்புரேட்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி, அதில் மிதவை. வண்டி 30 டிகிரி சாய்ந்தால் பெட்ரோலும் சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் வழியும், மறுபக்கம் சாய்ந்தால் எஞ்சினுக்குப் போகாது. பாதி மேட்டில் எஞ்சின் நின்றால் பிரேக்கை மட்டும் நம்பிப் பின்னால் இறங்க வேண்டும்.

எம்பிஎஃப்ஐ எப்படிச் சாய்ந்தாலும் ஓடும், டேங்கில் பம்ப் முழுகியிருக்கும்வரை. டேங்குக்குள் தடுப்புத் தகடு வையுங்கள். வாங்கும்போது ஈசியு (எஞ்சினின் கம்ப்யூட்டர்), முழு வயரிங், சென்சார்கள், சாவி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். வேறு சாவி போட்டால் கிளம்பவிடாத இம்மொபிலைசர் உள்ள மாடலில் சாவியும் ஈசியுவும் ஜோடி, சாவி தொலைந்த எஞ்சினைப் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். வயரிங்கை வெட்டி வாங்காதீர்கள். தேவையில்லாத வயரை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுங்கள். எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

13. டீசல் போட்டா இழுவை பிரமாதமா இருக்கும்ல? பம்ப்செட் எஞ்சின்கூட இருக்கு.

பம்ப்செட் எஞ்சின் வார்ப்பிரும்பு. 5 எச்பி-க்கு ஓர் ஆளைவிட அதிக எடை. அதைப் பின்னால் வைத்தால் முன்சக்கரம் தரையைத் தொடுவதே பெரிய விஷயம். கிணற்றடியில் இருக்கட்டும்.

டாடா ஏஸின் 702 சிசி இரட்டை சிலிண்டர் டீசலைச் சிலர் கேட்கிறார்கள். 16 எச்பி, நன்றாக உழைக்கும், குறைவாகக் குடிக்கும். தோட்டத்தில் உரமூட்டை ஏற்றும் வண்டி என்றால் நானே போடச் சொல்வேன். துள்ளி ஓடும் பக்கிக்கு அந்த எடையும் அதிர்வும் ஆகாது. ஆட்டோவின் ஒற்றை சிலிண்டர் டீசலை மாட்டிப் பார்த்தவர் ஒருவர், மாதம் ஒருமுறை கூண்டில் புது விரிசல் தேடுகிறார்.

14. காலேஜ் பாஹா போட்டில வெறும் 10 எச்பி எஞ்சின்தானே? அவங்க எப்படி அவ்வளவு ஏத்தம் ஏறுறாங்க?

எஸ்ஏஇ இந்தியா என்ற வாகனப் பொறியாளர் சங்கம் 2007-லிருந்து நடத்தும் பாஹா, காலேஜ் மாணவர்கள் தாங்களே கட்டிய பக்கியை ஓட்டும் போட்டி. அதில் எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின் என்பது விதி. பல வருடம் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் 305 சிசி, 10 எச்பி எஞ்சின். அதற்கும் 3800 ஆர்பிஎம்முக்கு மேல் போகாமல் பூட்டு. எஞ்சினால் யாரும் ஜெயிக்கக் கூடாது, டிசைனால் ஜெயிக்கட்டும் என்பதுதான் எண்ணம்.

அவர்கள் ஏறுவது 3-ல் போட்ட கணக்கால்தான். வண்டி எடையைச் சுரண்டிச் சுரண்டிக் குறைக்கிறார்கள், சிவிடியும் (ஸ்கூட்டரில் இருக்கும் பெல்ட் கியர்) குறைப்பு கியரும் சேர்த்து 40 மடங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்கள். மஹிந்திரா ஆல்ஃபா ஆட்டோவின் கியர்பாக்ஸைப் பல அணிகள் பயன்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கட்டுபவருக்கு ஹோண்டா ஜிஎக்ஸ்390 மாதிரி 389 சிசி பொது உபயோக எஞ்சின் இதே வேலையைச் செய்யும். புதிதாகக் கிடைக்கும், நம்பி ஓட்டலாம். ஆனால் கிளட்ச், கியர், ரிவர்ஸ், டிஃபரன்ஷியல் எதுவும் அதோடு வராது. 2-ஐ மறுபடி படியுங்கள்.

15. ஸ்கூட்டர் எஞ்சின்? கியரே மாத்த வேண்டாமே.

110 சிசி, 8 எச்பி. சின்னப் பையன் வீட்டு முற்றத்தில் ஓட்டும் குட்டி வண்டிக்குப் போதும். மணலில் பெல்ட் வழுக்கிச் சூடாகும். ஈரமும் தூசியும் உள்ளே போனால் இன்னும் வழுக்கும். பையனுக்கு என்றால் ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு போல்ட்டை நிறுத்தி, வேகத்துக்கு அளவு வையுங்கள். அவன் வளர வளர போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்.

16. பழைய எஞ்சின் வாங்கறப்ப என்னென்ன பாக்கணும்?

ஓடும் வண்டியிலேயே கேட்டுப் பாருங்கள். கழற்றித் தரையில் வைத்த எஞ்சினைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதெல்லாம் கதை. புதுப்பேட்டையானாலும் நம்மூர் இரும்புக் கடையானாலும் இதுதான். காலையில் முதல் ஆளாகப் போய்ச் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஒருமுறை கிளப்பியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெண்ணிறக் கசடு ஒட்டியிருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, கேஸ்கெட் போயிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது அந்த மூடியைத் தளர்த்தி வையுங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து வைத்துக் கிளப்பிப் பாருங்கள், விடாமல் குமிழி வந்தாலும் கேஸ்கெட்தான். ஆக்சிலரேட்டரைக் கொடுத்து விடும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கம்ப்ரஷன் மீட்டர் இருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்று சிலிண்டருக்கும் இடையே 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் வாங்கினேன். புதுசாகப் பெயின்ட் அடித்த எஞ்சின், பளபளவென்று இருந்தது. நடு சிலிண்டர் செத்திருந்தது.

அப்புறம் காகிதம். எஞ்சின் நம்பர் அழிந்திருந்தாலோ ராவியிருந்தாலோ தொடாதீர்கள். வண்டியை உடைத்துவிட்டால் உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சி-யை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காகிதத்தின் நகல், விற்றவரின் கையெழுத்தோடு ரசீது, இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும். மாட்டுவதற்கு முன்னால் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது கை நன்றாகப் போகும்.

17. எஞ்சினைப் பின்னால வெச்சதும் சூடாகுது. ரேடியேட்டரை எங்க வைக்கணும்?

முன்னால் வைத்தால் காற்று வரும், ஆனால் நீளமான குழாய் இழுக்க வேண்டும், கல்லும் அடிக்கும். பின்னால் வைத்தால் குழாய் குட்டை, ஆனால் சக்கரம் கிளப்பும் மண்ணெல்லாம் அதன் மேல் அப்பும். எனக்குப் பிடித்தது மூன்றாவது இடம், தலைக்குப் பின்னால் கூண்டின் மேற்பகுதியில் சாய்வாக. மண் குறைவு, ஃபேன் எப்போதும் ஓடட்டும். வெந்நீர்க் குழாய் தோளுக்குப் பக்கத்தில் போவதால் நடுவில் கண்டிப்பாகத் தகடு வேண்டும்.

பெரும்பாலும் சூடாவதற்குக் காரணம் ரேடியேட்டர் அளவு இல்லை, உள்ளே சிக்கிய காற்று. தண்ணீர் ஊற்றும் வாய்தான் முழு அமைப்பிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும். குழாய் நடுவில் ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொள்ளும், அங்கே ஒரு திருகு வைத்துக் காற்றை விடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

18. தூசிக்குத் தனியா ஏதாவது பண்ணணுமா? கார் ஏர் ஃபில்டரே போதாதா?

போதாது. திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலைப் பார்த்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மூக்குப் பொடி மாதிரி எங்கும் நுழையும். அந்தத் தூசி ஃபில்டரைத் தாண்டினால் ரிங்கையும் சிலிண்டரையும் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்த மாதிரி. காற்று எடுக்கும் வாயைச் சக்கரத்துக்கு எட்டாத உயரத்தில், கூண்டின் மேல்மட்டத்தில் வையுங்கள். ஃபில்டருக்கு மேலே எண்ணெயில் நனைத்த ஸ்பாஞ்ச் உறை ஒன்று போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கழுவுங்கள். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயில் கிளிப் இறுக்கமா என்று பாருங்கள். உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் மண் நெருநெருக்கக் கூடாது.

19. ஏத்தத்துல ஆயில் லைட் எரியுது, சமதளத்துக்கு வந்தா அணைஞ்சிடுது. விடலாமா?

விடக் கூடாது. அந்த நேரத்தில் பேரிங்குக்கு ஆயில் போகவில்லை. கார் எஞ்சினின் சம்ப், அதாவது அடியில் ஆயில் தேங்கும் தட்டு, ரோட்டுச் சாய்வுக்குச் செய்தது. மேட்டில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கிறது. சம்பைக் கழற்றி, உறிஞ்சும் இடத்தைச் சுற்றி, ஆயில் உள்ளே வரும், சீக்கிரம் வெளியே போகாத மாதிரி தகடு அடைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதுவரை ஆயில் அளவைக் குச்சியின் மேல்கோட்டிலேயே வையுங்கள், மேட்டில் நின்று போஸ் கொடுக்காதீர்கள். எஞ்சினை மாட்டும்போதே காரில் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் வைத்தீர்களா என்பதையும் பாருங்கள். இடத்துக்காகக் கொஞ்சம் சாய்த்து வைத்தவர்களுக்குத்தான் இந்த லைட் அதிகம் எரிகிறது.

20. ஃபோர் வீல் வேணும்னா?

மாருதி ஜிப்ஸி. 1298 சிசி, எம்பிஎஃப்ஐ மாடல் 80 எச்பி, லோ கியரோடு, நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ். ஆனால் நல்ல ஜிப்ஸி கிடைத்தால் அதை உடைக்க எனக்கு மனசு வராது. அதை அப்படியே ஓட்டுங்கள்.

21. எலக்ட்ரிக்கா பண்ணிட்டா இந்தத் தொல்லையே இல்லையே?

பாதித் தொல்லை இல்லை. கியர் வேண்டாம், ரிவர்ஸ் ஒரு சுவிட்ச், முதல் நொடியிலிருந்து முழு இழுவை. மின்சார ஆட்டோவின் மோட்டார், கன்ட்ரோலர், டிஃபரன்ஷியல் செட்டாகக் கிடைத்தால், 6-ல் சொன்ன பெட்ரோல் ஆட்டோ செட்டுக்கு நேர் போட்டி. சாதாரண இ-ரிக்‌ஷாவின் ஒரு கிலோவாட் மோட்டார் மட்டும் வேண்டாம், அது சமதளத்துக்கு. பேட்டரியின் எடையும், ஏறுமணலில் கன்ட்ரோலர் சூடாவதும்தான் இங்கே யோசிக்க வேண்டியவை. நான் இன்னும் கட்டவில்லை, அதனால் இதற்கு மேல் பேசவில்லை.

22. 800 எஞ்சினுக்கு ஆர்சி இருக்கு. அப்போ பக்கியை ரோட்டுல ஓட்டலாம்ல?

முடியாது. ஆர்சி அந்தக் காருக்கு, எஞ்சினுக்கு இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதையே தடுக்கிறது. நீங்கள் செய்தது மாற்றம்கூட இல்லை, புது வண்டி. புது வண்டிக்கு மாதிரி ஒப்புதல் சோதனை வேண்டும், அது கம்பெனிகள் செய்யும் காரியம். சட்டத்தில் பொது இடம் என்பது மக்களுக்குப் போக உரிமையுள்ள எந்த இடமும்தான். அதனால் கடற்கரை, ஆற்றுமணல் எல்லாம் சொந்த நிலம் என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத்துக்குள் ஓட்டுங்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோக மினி லாரி பிடியுங்கள்.

23. எஞ்சின் வாங்கியாச்சு. கூண்டு டிராயிங் நெட்ல எடுத்தது இருக்கு. வெல்டிங் ஆரம்பிக்கலாமா?

டிராயிங்கைச் சுருட்டி வையுங்கள். அது வேறொருவர் எஞ்சினுக்குப் போட்டது. பட்டறைத் தரையில் எஞ்சினை மரக்கட்டை மேல் தூக்கி, டிரைவ் ஷாஃப்டும் சக்கரமும் மாட்டி, நிற்க வேண்டிய உயரத்தில் நிறுத்துங்கள். முன்னால் சீட்டை வையுங்கள். ஓட்டப் போகிறவர் ஹெல்மெட்டோடு உட்காரட்டும். சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போடுங்கள். எஞ்சினைச் சுற்றி ஸ்பேனர் போகும் இடம், ஆயில் ஃபில்டர் கழற்றும் இடம், சைலன்சர் வளையும் இடம், சீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே தீத்தடுப்புத் தகடு, கைக்கெட்டும் தூரத்தில் எஞ்சினை உடனே அணைக்கும் ஒரு கில் சுவிட்ச், வெளியே நிற்பவர் தட்டும் இடத்தில் இன்னொன்று.

பைப்புக்கு ஜிஐ தண்ணீர்க் குழாய் வாங்கி வந்துவிடாதீர்கள். பூச்சின் புகை நெஞ்சைப் பிடிக்கும், பற்றும் சரியாக இருக்காது. பாஹா விதியில் வரும் 25.4 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன் சீம்லெஸ் பைப்பை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், கார் எஞ்சின் என்றால் அதற்குக் கீழே இறங்காதீர்கள். எஞ்சின் மவுன்டிங்கில் காரின் ரப்பரையே போடுங்கள். முதலில் டேக் (புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்து, எஞ்சினை ஒருமுறை வெளியே எடுத்து உள்ளே வைத்துப் பாருங்கள். என் இரண்டாவது பக்கியில் கூண்டை முழுக்க வெல்டிங் செய்த பிறகுதான் எஞ்சின் வெளியே வராது என்று தெரிந்தது. ஒவ்வொரு கிளட்ச் பிளேட்டுக்கும் ஒரு பைப்பை அறுக்கிறேன்.